நான் தொடாத குழாய்

எண்ணெய் ஒழுகும் வண்டியைப் பார்த்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். வண்டி மேல் இல்லை, அதைக் கொண்டு வருகிறவர் மேலும் இல்லை. எனக்கு முன்னால் அந்த வண்டியில் கை வைத்தவன் மேல். என்ஜின் தானாக எண்ணெயை வெளியே தள்ளாது. யாரோ ஒருவன் எதையோ சரியாகச் செய்யாமல் விட்டிருப்பான். இருபது வருடமாக இப்படி அடுத்தவர்களைத் திட்டிக்கொண்டே பிழைத்தேன். ஒரே ஒரு வண்டியில் மட்டும், எனக்கு முன்னால் கை வைத்த ஆள் என் பக்கத்திலேயே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான்.

கள்ளக்குறிச்சியில் கச்சிராயப்பாளையம் சாலையில் எங்கள் ஒர்க் ஷாப் இருந்தது. நானும் என் கூட்டாளியும் சேர்ந்து ஆரம்பித்தது. இரண்டு பேரும் சேலத்தில் ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர்கள், ஒரே பாயில் படுத்தவர்கள். உறவு எதுவும் கிடையாது. ஆனாலும் நான் அவனை மச்சான் என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். பலகை எழுத வந்த பெயின்டர் யார் பெயரை முதலில் போடுவது என்று கேட்டபோது, உன் பெயரைப் போடு, உன் பெயரைப் போடு என்று அரை நாள் இழுத்தோம். பெயின்டர் பொறுமை இழந்து பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டார். கடைசியில் யார் பெயரும் வேண்டாம், வெறுமனே ‘டீசல் மெக்கானிக்’ என்று எழுதுங்கள் என்றோம். அன்றைக்கு அது பெருந்தன்மையாகத் தெரிந்தது.

வேலையையும் அப்படித்தான் பிரித்துக்கொண்டோம். என்ஜினின் மேல் பாதி அவனுக்கு. ஹெட், வால்வு, இன்ஜெக்டர், அதைச் சுற்றிப் போகும் குழாய்கள் எல்லாம் அவன் பொறுப்பு. கீழ் பாதி எனக்கு. சேம்பர் என்று நாங்கள் சொல்லும் எண்ணெய்த் தொட்டி, கிளட்ச், கியர் பாக்ஸ் எல்லாம் என் பொறுப்பு. இதில் எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. அவன் முறுக்கிய போல்ட்டை நான் தொட மாட்டேன், நான் முறுக்கியதை அவன் தொட மாட்டான். அடுத்தவன் முடித்த இடத்தில் மறுபடி ஸ்பேனர் போட்டுப் பார்ப்பது, உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதாக எங்களுக்குப் பட்டது. ‘பாத்துட்டேன்’ என்று ஒருவன் சொன்னால் அது மற்றவனும் பார்த்த கணக்கு. இதை வாடிக்கையாளர்களிடம் நான் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஒரு மார்கழியில், வெள்ளிமலைக்கும் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சிற்றூரிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். அதுவரை கிழங்கை வாடகை வண்டியில்தான் மலையிறக்கிக்கொண்டிருந்தார். வாடகை வண்டிக்காரன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனால் பிடுங்கிய கிழங்கு வயல் ஓரத்திலேயே கிடக்கும். மரவள்ளி இரண்டு நாள் தாங்காது, உள்ளே கோடு கோடாகக் கறுத்துவிடும். கறுத்த கிழங்கைச் சின்னசேலம் பக்கத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள் தொடாது. இரண்டு வருடம் அப்படிக் கொட்டியிருக்கிறார். அறுவடைக்கு முன்னால் சொந்தமாகப் பழைய பிக்கப் ஒன்று எடுத்துவிட வேண்டும் என்று வந்திருந்தார்.

“எனக்கு வண்டியப் பத்தி ஒன்னும் தெரியாதுங்க,” என்றார். “ஓட்டத்தான் தெரியும். நீங்க பாத்து நல்ல வண்டின்னு சொன்னா எடுத்துக்கிறேன்.”

அதைச் சொல்லும்போது அவர் என்னைத்தான் பார்த்தார், கூட்டாளியை இல்லை. அதற்குக் காரணம் உண்டு. முந்தின வருடம் அவருடைய உறவுக்காரர் ஒருவர் வாங்க இருந்த டிராக்டரை நான் பார்த்துவிட்டு, இதை எடுத்தால் நீங்கள் விவசாயத்தை விட்டுவிட்டு இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். என் வாய் அப்படி. அந்த வாய் மலையில் எனக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்திருந்தது.

நான்கு நாளில் கூட்டாளி ஒரு பிக்கப்பைக் கொண்டு வந்து நிறுத்தினான். ஆத்தூர் பக்கத்து வண்டி, தெரிந்த இடம் என்றான். கழுவித் துடைத்து, என்ஜின்கூட ஒரு பொட்டு எண்ணெய் இல்லாமல் பளிச்சென்று இருந்தது.

“மேல எல்லாம் நான் பாத்துட்டேன் மச்சான். பேக் கம்ப்ரஷன் சுத்தமா இல்ல. நீ கீழ மட்டும் பாத்துக்கோ,” என்றான்.

பேக் கம்ப்ரஷன் என்பது எங்கள் பட்டறைப் பேச்சு. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்துபோனால், மேலே எரிகிற புகையும் காற்றும் கொஞ்சம் கொஞ்சமாக என்ஜினின் வயிற்றுக்குள் இறங்கும். புது என்ஜினிலும் சிறிது இறங்கத்தான் செய்யும். அது வெளியே போக பிரீதர் என்று ஒரு ரப்பர் குழாய் வைத்திருப்பார்கள். என்ஜின் மூச்சு விடுகிற வழி அதுதான். பழைய வண்டி வாங்குகிறவன் முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுதான். அந்த நுனியில் புகை குபுகுபுவென்று வந்தால் என்ஜின் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்தக் குழாய், என்ஜினின் தலை மூடியான டேப்பெட் கவரிலிருந்து கிளம்புவதால் அவனுடைய பாதி. என்ஜினுக்குப் பின்னால் இறங்கி, அதன் நுனி கியர் பாக்ஸ் பக்கம் வந்து தொங்கும். நான் வண்டிக்குக் கீழே படுத்திருந்தபோது அந்த நுனியைப் பார்த்தேன். புகை இல்லை, காய்ந்துபோயிருந்தது. பரவாயில்லையே, ரிங் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். பத்து வருடம் ஓடிய வண்டியின் பிரீதர் நுனி அவ்வளவு காய்ந்து இருக்காதே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவன் பார்த்துவிட்டேன் என்று சொல்லியிருந்ததால் தோன்றவில்லை.

சின்னசேலம் வரை ஓட்டிப் போய் வந்தேன். சமதளச் சாலை, வெறும் வண்டி. நன்றாகத்தான் ஓடியது. “நல்ல வண்டிங்க, தைரியமா எடுத்துக்குங்க,” என்று சொன்னேன். அவர் பானெட் மேல் கையை வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மறுநாள் அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு என்று ஒரு பை சாமை அரிசி கொடுத்து அனுப்பியிருந்தார்.

தை பிறந்து அறுவடை ஆரம்பித்ததும் வண்டி திரும்பி வந்தது. டேப்பெட் கவர் ஓரமாக எண்ணெய் கசிந்து சைலன்சரில் சொட்டிப் புகைகிறது என்றார். கூட்டாளி கேஸ்கட்டை மாற்றினான். கடையில் ஒரு மணி நேரம் ஓட விட்டோம், ஒரு சொட்டு இல்லை. பத்தாவது நாள் மறுபடி வந்தார். இப்போது பின்பக்க ஆயில் சீல், அதாவது என்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம். அது என் பாதி. கியர் பாக்ஸை இறக்கிப் புது சீல் போட்டேன். அதுவும் கடையில் ஒழுகவில்லை. அடுத்த லோடு ஏற்றி மலையிலிருந்து இறங்கி, காலி வண்டியாகத் திரும்ப ஏறுவதற்குள் வண்டியின் அடி முழுக்க எண்ணெய்.

மூன்றாம் முறை அவர் வந்தபோது நான் செய்ததைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. முதலில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய், டூப்ளிகேட் சீலைத் தலையில் கட்டிவிட்டாய் என்று நாலு பேர் பார்க்கக் கத்தினேன். அந்த மனுஷன் பில்லையும் பெட்டியையும் எடுத்துக் காட்டியும் விடவில்லை. திரும்பி வந்து மலைக்காரர் மேல் பாய்ந்தேன்.

“லோடு ஜாஸ்தி ஏத்துறீங்க. இந்த வண்டி அதுக்குத் தாங்காது.”

“கிழங்கு ஏத்தத்தானங்க வண்டி வாங்குனேன்,” என்றார். குரலை உயர்த்தவில்லை. “வாங்கறப்ப ஏத்தலாம்னு சொன்னீங்க.”

அந்த வாரம் வண்டி எங்கள் கடையில் நின்ற இரண்டு நாளில் ஒரு லோடு கிழங்கு கறுத்துப் போனதை அவர் எங்களிடம் சொல்லவே இல்லை. அவர் ஊர்க்காரர் ஒருவர் டீக்கடையில் சொல்லித்தான் தெரியும். நான் நல்ல வண்டி என்று சொன்ன வண்டி.

அப்போதுதான் மூச்சுக்குழாய் நினைவுக்கு வந்தது. ஒரு சீல் ஒழுகினால் சீல் கெட்டது என்று சொல்லலாம். மேலேயும் கீழேயும் மாற்றி மாற்றி ஒழுகினால் உள்ளே அழுத்தம் ஏறுகிறதோ என்று பார்க்க வேண்டும். இது ஒன்றும் ராக்கெட் விஷயம் இல்லை, சேலத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே தெரிந்துகொண்டது. கூட்டாளியிடம் கேட்டேன்.

“மச்சான், பிரீதர் அடைச்சிக்கினு இருக்குமா?”

அவன் இன்ஜெக்டர் ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை. “வாய வெச்சி ஊதிப் பாத்துட்டேன் மச்சான். காத்து நல்லா போவுது.”

“சரியா பாத்தியா?”

“இன்னா மச்சான், புதுசா கேக்கற?”

நான்தான் வெட்கப்பட்டேன். இத்தனை வருடத்தில் கேட்காத கேள்வியைக் கேட்டுவிட்டோமே என்று பேச்சை மாற்றினேன். கியர் பாக்ஸை மறுபடி இறக்கி இன்னொரு சீல் போட்டேன். அப்படிப் போடும்போது அந்தக் குழாயின் நுனி என் தோளில் உரசிக்கொண்டே இருந்தது. கையால் ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

நான்காம் முறை அவர் வண்டியைக் கொண்டு வரவில்லை, போன் செய்தார். “நீங்களே ஒரு தடவ வந்து பாத்துடுங்க. இல்லேன்னா நான் யார்கிட்டயாச்சும் தள்ளிட்டு வாடகைக்கே போயிக்கிறேன். இன்னும் பாதிக் காடு பிடுங்காம நிக்குது.” கோபமாகப் பேசியிருந்தால் பரவாயில்லை. கெஞ்சுகிற மாதிரியும் இல்லை. முடிவெடுத்துவிட்டவர் தகவல் சொல்வது மாதிரி இருந்தது.

மறுநாள் காலை வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். கூட்டாளியிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். “அங்க போயி இன்னா பண்ணப் போற, வண்டிய இங்க வரச் சொல்லு,” என்று இரண்டு தடவை சொன்னான். என் மேல் அக்கறை என்று நினைத்தேன்.

வெள்ளிமலையில் அவர் வண்டியோடு காத்திருந்தார். அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி கோழி அடித்துக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். வேலையை முடித்துவிட்டு வாருங்கள், சாப்பிடலாம் என்றார். நான் முதலில் டீசலும் பனியன் வேஸ்ட் துணியும் போட்டு என்ஜினின் அடிப்பக்கம் முழுவதும் துடைத்தேன். பிறகு அந்த வீட்டிலிருந்த முகப் பவுடர் டப்பாவை வாங்கி, கசியக்கூடிய இடங்களிலெல்லாம் தூவினேன். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். காய்ந்த பவுடரில் எண்ணெய் எங்கே முதலில் ஈரம் காட்டுகிறதோ அங்கேதான் அது கிளம்புகிறது. எல்லா இடத்திலும் எண்ணெயாக இருக்கும் என்ஜினில் எது முதல் என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பாதி லோடு கிழங்கை ஏற்றிக்கொண்டு, அந்த ஊரை ஒட்டிய மேட்டுச் சாலையில் வேண்டுமென்றே ஏறினோம். மூன்று வளைவு தாண்டியதும் நிறுத்தச் சொல்லி, என்ஜினை அணைக்காமல் பானெட்டைத் தூக்கினேன். எண்ணெய் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் தன் இடத்திலிருந்து இரண்டு விரல்கடை மேலே எழும்பி நின்றது. டேப்பெட் கவர் ஓரத்தில் பவுடர் நனைந்திருந்தது. கீழே படுத்துப் பார்த்தால் முன் சீல், பின் சீல், சேம்பர் ஓரம், மூன்றும் ஒரே நேரத்தில் ஈரம். எதிலும் முதல் என்று ஒன்று இல்லை. நான் போட்ட சீல்கள் எதுவும் கெட்டுப் போகவில்லை; உள்ளேயிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி எல்லாம் ஒன்றாக ஒழுகின.

ஆயில் ஊற்றும் மூடியைத் திருகினேன். கடைசிப் புரி கழன்றதும் மூடி கையை விட்டுத் துள்ளியது. கிழங்கு கட்டி வைத்திருந்த பாலித்தீன் பை ஒன்றை அந்த வாயில் கவிழ்த்து ரப்பர் பேண்டு போட்டேன். நாலு நொடியில் பை பலூன் மாதிரி உப்பியது. “இதுக்குள்ள காத்து நிக்குதுங்க, வெளிய போவ வழியில்ல,” என்றேன். பையை எடுத்துவிட்டு, அந்த வாயில் வெறும் துணியைக் கட்டிக்கொண்டு, அடியை மறுபடி துடைத்துப் பவுடர் போட்டு, அதே மேட்டில் இன்னொரு தடவை ஏறினோம். துணி முழுக்கப் புகையும் எண்ணெயுமாக நனைந்தது. ஆனால் கீழே ஒரு இடத்தில்கூட ஈரம் இல்லை.

மலைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். பல நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு. “அப்ப வேற ஒன்னும் இல்லீங்களா?” என்றார். எனக்கும் சந்தோஷம். ஒரு குழாய் அடைப்பு, அவ்வளவுதான், என்றேன். தூசியோ, குளவிக் கூடோ இருக்கும் என்று நினைத்தேன்.

அந்தக் குழாயில் நான் கை வைத்தது அதுதான் முதல் தடவை. அந்த நேரத்திலும் ஒரு கணம் கை தயங்கியது என்றால் நம்புவீர்களா? கிளிப்பைக் கழற்றிக் குழாயை முழுதாக உருவி, வாயை வைத்து ஊதினேன். காற்று போகவில்லை. கன்னம் வலிக்க ஊதினேன். இம்மியும் போகவில்லை. கம்பியை விட்டுத் துழாவினால், நுனியிலிருந்து ஒரு சாண் உள்ளே எதுவோ கெட்டியாக இடித்தது. தட்டித் தட்டித் தள்ளியபோது என் உள்ளங்கையில் ஒரு தக்கை விழுந்தது.

கட்டைவிரல் நீளத்துக்கு மரத்தில் சீவியது. குழாயின் அளவுக்கு உருண்டையாக, ஒரு பக்கம் கொஞ்சம் கூராக. மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப் இறுக்கமாக, ஒரு சுற்றின் பாதி அடுத்த சுற்றில் ஏறுகிற மாதிரி சீராகச் சுற்றியிருந்தது. டேப்பின் கடைசி நுனி ஒட்டிவிடப்படாமல், பிறகு உரிக்க வசதியாகச் சின்னக் காது மாதிரி மடித்து விடப்பட்டிருந்தது.

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நான் டேப் சுற்றினால் அலங்கோலமாக இருக்கும், நுனியைப் பல்லால் கடித்து அப்படியே ஒட்டுவேன். நுனியை மடித்துக் காது விடுகிற ஆள் ஒருவன்தான். சேலத்தில் ஒரே பாயில் படுத்த காலத்திலிருந்து பார்க்கிறேன். “உரிக்கறப்ப நகத்தால சொரண்ட வேணாம் பாரு,” என்பான். அந்தக் காதைப் பார்த்ததும் வண்டியின் முன்சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன்.

குழாயை மாட்டாமலே மலைக்காரர் என்ஜினை ஓட விட்டார். டேப்பெட் கவரின் வாயிலிருந்து வெள்ளைப் புகை திமுதிமுவென்று வந்தது. கூட்டாளி இல்லை என்று சொன்ன பேக் கம்ப்ரஷன். ரிங் எல்லாம் எப்போதோ தேய்ந்துபோன என்ஜின் அது. வாங்குகிறவர் புகையைப் பார்க்கக் கூடாது என்று மூச்சை அடைத்திருக்கிறான். மூச்சை அடைத்ததால் எண்ணெய் வேறு வழியில் வந்திருக்கிறது. எண்ணெய் வந்தபோது தக்கையை எடுத்தால் புகை தெரிந்துவிடும், பொய் தெரிந்துவிடும் என்று அப்படியே விட்டிருக்கிறான். நான் கியர் பாக்ஸுக்கு அடியில் முதுகு ஒடிய சீல் மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். டார்ச்சு கூடப் பிடித்தான்.

மலைக்காரர் என் கையிலிருந்த தக்கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது தானா போயி உக்கார்ற பொருள் இல்லீங்களே,” என்றார்.

நான் எதையும் மறைக்கவில்லை. அவன் செய்ததையும் சொன்னேன், என்ஜின் தேய்ந்துவிட்டது என்பதையும் சொன்னேன். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அந்தப் பாதி அவனுடையது, அவன் கை வைத்ததை நான் தொடுவதில்லை, அது எங்கள் பேச்சு என்று விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே அது பொய் மாதிரி கேட்டது.

“ரெண்டு பேரும் ஒரே கடைதானங்க?” என்று கேட்டார் மலைக்காரர்.

“ஒரே கடைதான்.”

“நல்ல வண்டின்னு சொன்னது நீங்கதானங்க?”

“நான்தான்.”

என்ஜினை நானே இறக்கி, ரிங் போட்டுப் புதுசு மாதிரி செய்து தருகிறேன், உங்கள் கை விட்டு ஒன்றும் போக வேண்டாம் என்றேன். “வேணாங்க,” என்றார். சின்னசேலத்தில் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். தக்கையை நான் கேட்டேன், கூட்டாளியின் முகத்துக்கு நேரே காட்ட வேண்டும் என்று. “அது எங்கிட்டயே இருக்கட்டுங்க,” என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போனில் ஒரு படம் மட்டும் எடுத்துக்கொள்ள விட்டார். அவர் வீட்டு வழியாகத்தான் இறங்கினோம். குழம்பு வாசம் தெருவரைக்கும் வந்தது. அவர் மனைவி வாசலில் வந்து நின்று எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். சாப்பிட வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. மலைக்காரர் என்னை வெள்ளிமலை பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டுத் திரும்பினார்.

மறுநாள் காலை கடை திறந்ததும் கூட்டாளியின் முன்னால் போனை வைத்தேன். அவன் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினான். டேப்பின் காது திரை முழுக்க வந்து நின்றது. போனை மெதுவாக என் பக்கம் நகர்த்தினான்.

“ஊதிப் பாத்தேன்னு சொன்னியே மச்சான்.”

“சொன்னேன்.”

“ஊதுனியா?”

“இல்ல.”

கத்த வேண்டும் என்றுதான் பஸ்ஸில் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். ஊரில் யாரிடமெல்லாமோ கத்தியிருக்கிறேன், ஒரு பாவமும் செய்யாத ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரிடம்கூட. அவனிடம் கத்தவில்லை. ஏன் செய்தாய் என்று மட்டும் கேட்டேன்.

“என் மச்சினன் வண்டி. ஆத்தூர்ல ஒருத்தனும் எடுக்கல. வூட்டுல ஒரே தொல்ல.” அவன் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான், கையில் ஒன்றும் இல்லை. “நாலு மாசம் ஓடட்டும், அப்புறம் நானே தக்கைய எடுத்துடலாம்னுதான் இருந்தேன்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா நல்ல வண்டின்னு சொல்லியிருப்பியா?” என்றான். சண்டைக்கு வரும் குரலில் இல்லை, நியாயம் கேட்கும் குரலில். “நான் சொன்னா அந்தாளு எடுக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியும். நீ சொன்னாத்தான் எடுப்பாரு. நீ பொய் சொல்ல மாட்ட. அதான் உன்கிட்ட சொல்லல.”

எனக்கு அன்றைக்கு வலித்த இடம் அதுதான், இன்றைக்கும் வலிக்கிற இடம் அதுதான். அவன் என்னை ஏமாற்ற என்னுடைய கெட்ட குணம் எதையும் பயன்படுத்தவில்லை. நான் பொய் சொல்ல மாட்டேன் என்பதையும், அவன் முறுக்கிய போல்ட்டைத் தொட மாட்டேன் என்பதையும்தான் பயன்படுத்தினான். என்னைப் பற்றி அவனுக்கு எவ்வளவு தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. என் ஸ்பேனர் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கடையை அவனிடமே விட்டுவிட்டேன். பலகையில் மாற்ற ஒன்றும் இல்லை, எங்கள் பெயர் இருந்தால்தானே.

இப்போது வடக்கனந்தலில் தனியாகச் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். மேல் பாதியும் நான்தான், கீழ் பாதியும் நான்தான். எண்ணெய் ஒழுகுகிறது என்று யார் வந்தாலும் முதலில் பிரீதர் குழாயைக் கழற்றி வாயை வைத்து ஊதிவிட்டுத்தான் மற்றது. நானே முந்தின நாள் மாட்டிய குழாயாக இருந்தாலும் மறுபடி கழற்றி ஊதுகிறேன். வாடிக்கையாளர்கள் சிரிக்கிறார்கள். மலையிலிருந்து மட்டும் யாரும் வருவதில்லை.

போன மாசியில் கச்சிராயப்பாளையத்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். மலையிலிருந்து இறங்கிய பிக்கப் ஒன்று கிழங்கோடு வந்து நின்றது. அதே வண்டி. சத்தத்தை வைத்தே தெரிந்தது, ரிங் மாற்றியிருக்கிறார்கள், நன்றாகவே மாற்றியிருக்கிறார்கள். மலைக்காரர் இறங்கி டீ சொன்னார். என்னைப் பார்த்தார். “நல்லாருக்கீங்களா?” என்றார். நல்லா இருக்கேன் என்றேன். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

வண்டியின் முன்கண்ணாடிக்கு மேலே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த கயிறு தொங்கியது. அதே கயிற்றில், மிளகாய்க்குக் கீழே, கறுப்பு டேப் சுற்றிய அந்தத் தக்கையும் தொங்கியது. அவரோடு லோடு இறக்க வந்திருந்த ஆள் வெளியே நின்றபடியே அதை விரலால் தட்டி, இது இன்னா என்று கேட்டார்.

மலைக்காரர் டீயை ஒரு வாய் குடித்தார். என் பக்கம் பார்க்கவில்லை. குரலிலும் வித்தியாசம் இல்லை.

“கள்ளக்குறிச்சி மெக்கானிக் வெச்சது,” என்றார்.

எந்த மெக்கானிக் என்று அந்த ஆள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.